இருவர் ஆடும் ஆட்டம்

தம்பினுக்கும் கெமெஞ்சேவுக்கும் இடையிலிருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் பிள்ளைப் பருவம் கழிந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. லயங்களிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேட்டின் உச்சியில் பெரிய துரையின் பங்களா தெரியும். பங்களாவுக்குப் பின்புறம் புல்தரையில் ஒரு டென்னிஸ் திடல் இருந்தது. என் தாய்மாமன் அங்கே தோட்ட வேலை பார்த்தவர். புல்லை வெட்டிச் சமப்படுத்துவதும், சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போடுவதும் அவருடைய பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆட்டம் நடக்கும்போது பந்து பொறுக்கிக் கொடுக்க மூன்று நான்கு பையன்கள் வேண்டும். மாமனின் தயவால் அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன். கூலி இருபது காசு. துரைசானியின் மனம் குளிர்ந்திருந்தால் ஒரு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணீரும் கிடைக்கும்.

ஆட வருகிறவர்கள் எப்போதும் நால்வர். எங்கள் துரை, பக்கத்துத் தோட்டத்துத் துரை, டாக்டர், அவ்வப்போது மாறி மாறி வரும் விருந்தாளி ஒருவர். ஆகவே டென்னிஸ் என்பது நான்கு பேர் ஆடும் ஆட்டம் என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். மாமனிடம் முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு உண்டு. எழுத்தறியாதவர், ஆனால் அளவுகள் அத்தனையும் அந்தக் கயிற்றில் இருந்தன. திடலின் நீளம் 78 அடி. வெளிக்கோட்டிலிருந்து வெளிக்கோட்டுக்கு அகலம் 36 அடி. அதற்குள்ளே இருபுறமும் நான்கரை அடி தள்ளி இன்னும் இரண்டு கோடுகள். இந்த உள்கோடுகள் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

“உள்ள இருக்கிறது தனியாளுக்கு. வெளிய இருக்கிறது சோடிக்கு. தனியா ஆட இங்க எவன் வர்றான்? ஆனா கோடு போடலைன்னா துரை வையுவாரு” என்றார்.

1980ஆம் ஆண்டு தோட்டத்து மண்டபத் தொலைக்காட்சியில் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைக் காட்டினார்கள். போர்க்கும் மெக்கன்ரோவும் மோதிய அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் உலகம் கொண்டாடும் டென்னிஸ் இருவர் எதிரெதிராக நின்று ஆடுவது என்று எனக்குத் தெரிந்தது. திரையில் அந்த நான்கரை அடிப் பட்டைகள் இருபுறமும் வெறுமையாகக் கிடந்தன. பந்து அங்கே விழுந்தால் வெளியே என்றார்கள். மாமன் குனிந்து குனிந்து போட்ட கோடுகளை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டையையும் சேர்த்து ஆடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஆட்டக்காரர்கள் சிலர் உலகில் உண்டு. ஒற்றையர் ஆட்டத்தில் பெரிய இடத்தை எட்டாமல், அல்லது எட்டமுடியாது என்று காலத்தே உணர்ந்து, இரட்டையர் ஆட்டத்துக்கே தம்மை ஒப்படைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரைப் பதினைந்து ஆண்டுகளாக நான் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பின்தொடர்ந்து வந்திருக்கிறேன். அவர் ரோகன் போபண்ணா. ராக்கெட்டைக் கையால் பிடித்து ஆடியறியாத ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். காரணம் உண்டு. அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

போபண்ணா குடகு நாட்டவர். காவிரி பிறக்கும் மண் என்பதால் குடகு நமக்கு அந்நியமில்லை. 1980 மார்ச் 4 அன்று பிறந்தவர். தந்தை காப்பித் தோட்ட உரிமையாளர். தோட்டம் என்றதும் நம் மனம் லயத்தைத்தான் நினைக்கும். அவர் லயத்துப் பிள்ளை அல்லர், பங்களாப் பக்கத்துப் பிள்ளை. இதை மறைத்துச் சொந்தம் கொண்டாடுவது முறையன்று. பதினோரு வயதில் டென்னிஸ் ஆடத் தொடங்கினார். ஹாக்கியும் கால்பந்தும் அவருக்குப் பிடித்திருந்தாலும், மகன் தனியாக ஆடும் விளையாட்டு ஒன்றைக் கற்கவேண்டும் என்று தந்தை விரும்பினாராம். இந்த இடத்தைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். தனியாக ஆடுவதற்கென்று அனுப்பப்பட்ட பிள்ளைதான், தோள் கொடுக்க ஒருவர் இல்லாமல் ஆடவே முடியாத பிரிவில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார்.

நெடிய உருவமும் இடி போன்ற சர்வீஸும் இருந்தும் ஒற்றையர் பிரிவில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 213தான். அது 2007ஆம் ஆண்டில். அவர் தனியாக ஆடியதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2010 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியா முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்து நின்றது. பிறகு மீண்டெழுந்து, ஐந்தாவது ஆட்டத்தில் போபண்ணா தனியாக நின்று ரிக்கார்டோ மெல்லோவை வீழ்த்தி நாட்டைக் கரையேற்றினார். ஆயினும் நாள்தோறும் சோறு போட்டது இரட்டையர் ஆட்டமே.

அந்தச் சோறு எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். 2024இல் ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியில் ஒற்றையர் வெற்றியாளருக்குக் கிடைத்த பரிசு 31 இலட்சத்து 50 ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளி. இரட்டையர் பிரிவில் வென்ற இணைக்கு 7 இலட்சத்து 30 ஆயிரம். அதை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 3 இலட்சத்து 65 ஆயிரம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுத்தால், ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு என்று சொல்லிவிடுவார்கள். உச்சியில் நிற்பவர்களின் நிலையே இது. சிறு ஊர்ப் போட்டிகளில் ஆடுவோருக்கு விமானக் கட்டணம் தேறினால் போதும் என்ற நிலைதான். அவர்களுடைய ஆட்டங்கள் பெரும்பாலும் ஓரத்துத் திடல்களில், வெறும் இருக்கைகளின் முன்னே நடக்கும்.

இதைவிடக் கடினமான ஒன்று, பிழைப்பு இன்னொருவர் கையில் இருப்பது. ஓர் இணைக்குப் போட்டியில் இடம் உண்டா இல்லையா என்பதை இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். தோழனுக்குக் கால் பிசகினால் நமக்கும் ஆட்டம் இல்லை. அவனுக்கு நம்மைவிட நல்ல துணை வாய்த்தால் நாம் நடுத்தெருவில். போதாக்குறைக்கு 2006 முதல் சுற்றுப் போட்டிகளில் இரட்டையர் ஆட்டத்தைச் சுருக்கியும் விட்டார்கள். சரிசமமானால் ஒரே புள்ளியில் முடிவு. ஆளுக்கொரு செட் வென்றால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளிக்கு ஒரு சிறு ஆட்டம். ஒரு வாரத்து உழைப்பு பத்து நிமிடத்தில் கைநழுவும். தொலைக்காட்சி நிலையங்களுக்கு அது வசதியாக இருக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதனால் போபண்ணாவின் வாழ்க்கை வரலாற்றைத் துணைவர்களின் பெயர்ப் பட்டியலாகவே எழுதிவிடலாம். பாகிஸ்தானின் குரேஷி, சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, கனடாவின் நெஸ்டர், ருமேனியாவின் மெர்ஜியா, உருகுவேயின் குவேவாஸ், மீண்டும் கனடாவிலிருந்து ஷபோவலோவ், பின்னர் ஆஸ்திரேலியாவின் எப்டென். இடையில் வந்து போனவர்கள் இன்னும் பலர். உறவுகள் எல்லாம் இனிமையாகவே இருந்தன என்று சொல்வதற்கில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யார் யாரோடு ஆடுவது என்று இந்திய டென்னிஸில் எழுந்த பிணக்கு ஊரறிந்தது. போபண்ணாவும் அதில் ஒரு பக்கம் நின்றவரே. அவருக்கு முன்னே பயஸும் பூபதியும் 1999இல் நான்கு பெரும்போட்டிகளிலும் இறுதி ஆட்டம் வரை சென்று, பாரிஸிலும் விம்பிள்டனிலும் வாகை சூடினர். டேவிஸ் கோப்பையில் தொடர்ந்து 24 இரட்டையர் ஆட்டங்களை வென்ற இணை அது. அப்படிப்பட்டவர்களே முகம் கொடுத்துப் பேசாத காலமும் வந்தது. இணைந்து வென்றவர்கள் பிரிந்தபின் எதையெல்லாம் இழந்தார்கள் என்று எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் எழுதுவதில்லை.

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் பணிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் புறப்பாடப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆறாம் ஆண்டில் இரண்டு பையன்கள் பூப்பந்து ஆடுவார்கள். ஒருவன் நெடியவன், மற்றவன் குறியவன். ஒன்பது வயதிலிருந்தே லயத்துக்கு முன்னாலிருந்த மண்தரையில், இரண்டு கம்புகளுக்கிடையே மீன் வலையைக் கட்டி ஒன்றாக ஆடிப் பழகியவர்கள். நெடியவன் பின்னே நின்று அடிப்பான். குறியவன் வலைக்கருகே நின்று தட்டிவிடுவான். ஒருவருக்கொருவர் வாய் திறந்து பேசுவதில்லை. இறகுப்பந்து எங்கே வருகிறதோ அங்கே யாராவது ஒருவன் இருப்பான். இது எப்படி நிகழ்கிறது என்று நானும் பலநாள் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

1998ஆம் ஆண்டு மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் வேளை வந்தது. நெடியவனிடம் திறமை கூடுதல் என்று எனக்குத் தோன்றியது. அவனை ஒற்றையர் பிரிவில் போட்டால் பள்ளிக்கு ஒரு தனி வெற்றியாளன் கிடைப்பான். அறிவிப்புப் பலகையில் அவன் படத்தை ஒட்டலாம். மாவட்டக் கல்வி இலாகாவில் நம் பள்ளியின் பெயரும் பேசப்படும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால், பள்ளியின் பெயர் என்று நான் எண்ணியதில் பாதிக்குமேல் என் பெயர்தான். குறியவனை வேறொரு பையனுடன் இணைத்து இரட்டையர் பிரிவில் எழுதினேன். அவர்கள் இருவரையும் கலந்து பேசவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் ஆசிரியர் கலந்து பேசும் வழக்கம் அன்று ஏது?

நெடியவன் முதல் சுற்றிலேயே தோற்றான். எதிரே ஆடியவன் பட்டணத்தில் பணம் கட்டிப் பயிற்சி பெற்றவன். முன்னும் பின்னும் ஓடவிட்டே இவனைக் களைக்க வைத்துவிட்டான். அடுத்த திடலில் குறியவனின் ஆட்டம் நடந்தது. இறகுப்பந்தைத் தட்டிவிட்டு அடிக்கொருதரம் பின்னே திரும்பிப் பார்த்தான். அங்கே நின்றவன் வேறொருவன். இருவருக்கும் நடுவில் வந்தவை எல்லாம் ஒருவராலும் தொடப்படாமல் தரையில் விழுந்தன. நான் ஓரத்தில் நின்று, “நீ எடு, நீ எடு” என்று கத்திக்கொண்டிருந்தேன். பள்ளிப் பேருந்தில் திரும்பும்போது இருவரும் தனித்தனி இருக்கையில் அமர்ந்தார்கள். மறுவாரம் குறியவன் மட்டையைக் கொண்டுவரவில்லை. அதன்பின் கொண்டுவரவே இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டு ஆவணி மாதம், தம்பின் நகரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன் வந்து என் கையைப் பற்றினான். குறியவன் இப்போது குறியவனாக இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுவதாகச் சொன்னான். நெடியவன் குடும்பம் தோட்டத்தைவிட்டுச் செனவாங் பக்கம் போய்விட்டதாம், தொடர்பு இல்லையாம். பந்தியில் எனக்கு இலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னான். கைகழுவும் இடத்தில் தயங்கி நின்று கேட்டான்.

“சார், அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் சேத்தே விட்டிருந்தா ஜெயிச்சிருப்போமா?”

குற்றஞ்சாட்டும் குரல் அன்று. அறிந்துகொள்ளும் ஆவலில் கேட்டான். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வி அவனிடம் இருந்திருக்கிறது. “ஜெயித்திருப்பீர்கள்” என்றால் என் குற்றம் உறுதியாகிறது. “சொல்ல முடியாது” என்றால் அவர்களுடைய ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்கிறேன். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

அதே ஆவணியில்தான் செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அமெரிக்கப் பொதுப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு இந்தியாவின் போபண்ணாவும் பாகிஸ்தானின் அய்சாம் குரேஷியும் ஓரணியாகச் சென்றிருந்தார்கள். இரு நாட்டின் ஐக்கிய நாட்டுச் சபைத் தூதர்களும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தனர். பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டையும் டைபிரேக்கரில் இழந்து தோற்றார்கள். படத்தில் தோற்ற இருவரும் தோளோடு தோள் நின்றிருந்தனர். அரசியல் எல்லை பிரித்த இருவரை டென்னிஸ் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரே லயத்தில் வளர்ந்த இருவரைப் பேனாவின் ஒரு கீற்றில் நான் பிரித்துவிட்டேன். அன்றுமுதல் அவர் எங்கே ஆடினாலும் முடிவைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று.

தேடிப் பார்த்தவற்றில் தோல்விகளே மிகுதி. 2017இல் பாரிஸில் கனடாவின் தப்ரோவ்ஸ்கியோடு கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். அதுவும் தோல்வியின் விளிம்பிலிருந்து இரண்டு புள்ளிகளை மீட்டுப் பெற்ற வெற்றி. ஆடவர் இரட்டையரில் மட்டும் பெரும்பட்டம் வாய்க்கவில்லை. முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோயிற்று. ஐயங்கார் யோகப் பயிற்சியால் உடலைத் தேற்றிக்கொண்டார். 2021இல் ஐந்து மாதங்கள் ஓர் ஆட்டமும் வெல்ல முடியாமல், போதும் என்று விட்டுவிடலாமா என எண்ணியதை அவரே பின்னர் கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்று. ஒற்றையர் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வயதில் பயிற்சியாளராகவோ வர்ணனையாளராகவோ மாறியிருப்பார்கள்.

பிறகு மாத்யூ எப்டென் வந்தார். 2023 மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் பட்டம். செப்டம்பரில் நியூயார்க்கில் மீண்டும் இறுதி ஆட்டம். குரேஷியோடு நின்ற அதே கட்டத்தில் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் எப்டெனோடு நின்றார். அதிலும் தோல்வி.

2024 ஜனவரி 27, தைப்பூசத்துக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. சிரம்பானுக்குக் காவடி பார்க்கப் போன அலுப்பு இன்னும் தீராதிருந்த மாலையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தேன். மெல்பர்னில் போலெல்லி, வாவசோரி என்ற இத்தாலிய இணையோடு ஆட்டம். முதல் செட் டைபிரேக்கரில் எதிரிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை, ஏழுக்குச் சுழியம். இரண்டாவது செட் 7–5. அறுபதுக்கும் மேற்பட்ட பெரும்போட்டிகளில் ஆடிப் பார்த்தபின், நாற்பத்து மூன்றாம் வயதில் முதல் ஆடவர் இரட்டையர் பட்டம். அடுத்த திங்கட்கிழமை உலகத் தரவரிசையில் முதலிடம். அதுவரை எவரும் அந்த வயதில் முதன்முறையாக அந்த இடத்தை எட்டியதில்லை. தேநீர் கொண்டுவந்த என் துணைவியார் நான் கண் துடைப்பதைப் பார்த்துவிட்டு, “யாருங்க அவரு? நம்ம ஆளா?” என்றார். ஆம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் தலையசைத்தேன்.

நம் ஆட்கள் அவர் பக்கத்தில் நின்றதும் உண்டு. 2017 ஜனவரியில் சென்னைப் பொதுப் போட்டியின் இரட்டையர் பட்டத்தை அவர் வென்றபோது மறுபாதியில் நின்றவர் சென்னையைச் சேர்ந்த இடக்கை ஆட்டக்காரர் ஜீவன் நெடுஞ்செழியன். எதிரணியில் இருந்த இருவரும் இந்தியர்களே. இருபத்தோராண்டுகள் சென்னையில் நடந்த அந்தப் போட்டி அத்துடன் புனேவுக்கு இடம் மாறிவிட்டது. தமிழ்நாட்டுக்கு அது பெரிய இழப்பு. ஜீவனுக்கு அடுத்த பட்டம் கிடைக்க ஏழு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சௌ நகரில், முதல் செட்டை இழந்தும் மீண்டுவந்து, பத்துப் புள்ளி ஆட்டத்தை 10–7 என்று வென்றார். கூட ஆடியவர் தமிழ்நாட்டின் விஜய் சுந்தர் பிரசாந்த், வயது முப்பத்தேழு, அவ்வகைப் போட்டியில் அவருடைய முதல் பட்டம் அது. எனக்குப் பிடிக்காத அந்தப் பத்துப் புள்ளி ஆட்டம் அன்று மட்டும் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தம்மோடு ஆடுபவரைத் தாமே தேர்ந்துகொள்ளும் தகுதியைத் தரவரிசை போபண்ணாவுக்குக் கொடுத்திருந்தது. அவர் தேர்ந்தது கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜியை. பிரான்சின் மோன்பீஸ், ரோஜர்-வாசலின் இணையிடம் முதல் சுற்றிலேயே 5–7, 2–6 என்று தோற்றார்கள். இந்தியாவுக்காக ஆடியது அதுவே கடைசி என்று அறிவித்தார். 2025 நவம்பர் 1 அன்று தொழில்முறை ஆட்டத்திலிருந்தும் விடைபெற்றார். தம்மைப் போன்ற இரட்டையர் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளரையும் உடற்சிகிச்சையாளரையும் ஏற்பாடு செய்து கொடுக்கும் திட்டம் ஒன்றையும் முன்பே தொடங்கியிருந்தார்.

இப்போது நான் தலைமையாசிரியனாக இருக்கும் பள்ளியைச் சுற்றிலும் செம்பனைதான். மாணவர் தொகை ஐம்பதுக்கும் குறைவு. ரப்பர் மரமும் போயிற்று. துரையின் பங்களாவும் போயிற்று. டென்னிஸ் திடல் இருந்த இடம் எது என்று மேட்டில் ஏறி நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாமன் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன.

பூப்பந்து மட்டும் போகவில்லை. நம் நாட்டில் இரட்டையர் ஆட்டத்தின் பெருமையைப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2022இல் ஏரன் சியாவும் சோ வூய் யிக்கும் உலக வெற்றியாளர்களானதை அவர்கள் அறிவார்கள். 2025 ஆகஸ்டில் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் பெர்லி தானும் எம். தீனாவும் இறுதி ஆட்டம் வரை சென்று வெள்ளிப் பதக்கம் பெற்றதையும் அறிவார்கள். தீனா தமிழ்ப் பெண் என்பதால் எங்கள் ஐந்தாம் ஆண்டுச் சிறுமியர் இருவருக்கு அவரே தெய்வம். “நான் தீனா, இவள் பெர்லி” என்று சொல்லிக்கொண்டு ஓய்வு நேரமெல்லாம் சிமெண்டுத் தரையில் ஆடுகிறார்கள். யார் தீனாவாக இருப்பது என்பதில்தான் நாள்தோறும் சண்டை.

மாவட்டப் போட்டிக்கான படிவம் அண்மையில் வந்தது. புறப்பாடப் பொறுப்பிலிருக்கும் இளைய ஆசிரியர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர்களில் ஒருத்திக்குக் கால் வேகம் அதிகம்; அவளை ஒற்றையரில் போட்டால் மாநில அளவுக்குப் போக வாய்ப்புண்டு, சார் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. என்னைவிட அவருக்கு ஆட்டம் தெரியும். அவருடைய முகத்தில் 1998ஆம் ஆண்டின் என்னையே கண்டேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. முதலில் பிள்ளைகளைக் கேட்டுவிடுவோம் என்று இருவரும் வெளியே வந்தோம்.

சிறுமியர் இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரே நாலாம் ஆண்டுப் பையன்கள் இருவர். இறகுப்பந்து உயர்ந்து வந்து, சிறுமியர் இருவருக்கும் நடுவே, யார் மட்டையும் தொடாமல் சிமெண்டில் விழுந்தது. ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள். எங்களைக் கண்டதும் வேகக்காரி ஓடிவந்தாள்.

“சார், நடுவுல விழுறது யாரு பந்து?”

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திடலுக்குள் இறங்கினேன். இளைய ஆசிரியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக நின்று, அந்தக் கேள்விக்கு விடை சொல்லி முடிக்க அன்று மாலை முக்கால் மணி நேரம் பிடித்தது. படிவம் மேசைமேல் அப்படியே இருந்தது.